இரண்டிலிருந்து மூன்று வரை

ஓசூர்
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நானும் கவியாவும் சுகம்.

நாலு முறை போன் செய்தேன். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நாலாவது முறை அண்ணி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரு மணி" என்றார். பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. முப்பது வருடமாகக் கேட்கிற இருமல் எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். போதகர் வராத ஞாயிறுகளில் சபையை நடத்துகிற எங்கள் உபதேசியார் அண்ணன் கடிதத்தைப் பார்த்தும் ஒளிந்துகொள்வாரா, பார்க்கலாம்.

ஜூலை 17 வந்தால் கவியாவின் அப்பா போய் ஒரு வருடம். கீழ்பென்னாத்தூர் வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம் வைக்கலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். காலையில் வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பலாம் என்றார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்து மதியம் இரண்டு மணி என்று வைத்திருக்கிறேன். நீ வந்து நடத்த வேண்டும். வேறு யாரையும் நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு ஆறுதல். அவருக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று நம் சபையில் சங்கிலி ஜெபம் வைத்தீர்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் ஜெபித்துக் கையெழுத்துப் போட்டு எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம், சங்கிலி அறுந்துவிடக் கூடாது. அடக்கத்துக்குப் பிறகு சபையின் ரேவதி டீச்சர் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். கவியா அப்பாவின் உயிர் பிரிந்தது 2.40 என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்று வரை உன் கையெழுத்து. அவர் போகிற நேரத்தில் நான் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தேன், நீ சபையில் ஜெபித்துக்கொண்டிருந்தாய். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் அனுப்பினோம். இந்த ஒரு வருடத்தை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன் அண்ணா.

தேதியைக் குறித்துக்கொள். அண்ணியையும் அழைத்து வா.

உன் தங்கை,
மணிமொழி


வேங்கிக்கால்
14 ஜூன் 2025

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறேன்.

புதன்கிழமை பௌர்ணமி. வேலூர் ரோட்டில் பஸ் நகரவில்லை. சபையின் வாசலிலேயே மூன்று வேன்களை நிறுத்திவிட்டுக் கிரிவலம் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோ திருமலையும் போனான். மறுநாள் குதிகாலில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னா திருமலை, ஜாஸ்தி வலியா?" என்றேன். "காலு போச்சுங்க உபதேசியாரே, ஆனா மனசு கம்முனு கெடக்குது" என்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைப் போதகரிடம் சொல்லிவிடாதே. மாதம் ஒரு ஞாயிறுதான் அவர் வருகிறார், அந்த ஒரு ஞாயிறும் என்னைத் திட்டுவதில் போய்விடும்.

நினைவுக் கூட்டத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போதகரையே கூப்பிடுங்கள். அவர் இளையவர், நல்ல குரல். எனக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடிவதில்லை. நான் வந்து பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

கவியாவுக்கு என் முத்தங்கள். பத்தாம் வகுப்பு, படிக்கச் சொல்.

அண்ணன்,
ராஜமாணிக்கம்


ஓசூர்
19 ஜூன் 2025

அண்ணா,

இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, முழங்கால் வலிக்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கலாம். அதற்குத் தடையில்லை. இரண்டு, உன் கடிதத்தில் ஸ்தோத்திரம் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ பால் பாக்கெட் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினால்கூட மேலே ஸ்தோத்திரம் போடுவாய்.

என் மாமியார் வீட்டுக்காரர்கள் உன்னை ஏதாவது சொன்னார்களா? காசி அத்தான் வாய்த் துடுக்கு, தெரியும். கவியா அப்பா நம் சபைக்கு மாறியது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "மதம் மாத்திட்டு ஆளையும் அனுப்பிட்டாங்க" என்று அடக்கத்தன்று சொன்னதை மனதில் வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் எனக்காக மறந்துவிடு. இல்லை, வேறு காரணம் என்றால் சொல். சும்மா நழுவாதே. அவள் அப்பாவுக்காக நீ ஜெபம் நடத்த மாட்டாய் என்று கவியாவிடம் சொல்ல என்னால் முடியாது.

மணிமொழி


வேங்கிக்கால்
25 ஜூன் 2025

மணி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ படிக்கும்போது கவியா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரம் நான் ஜெபிக்கவில்லை.

சுற்றி வளைத்தால் மறுபடியும் கிழித்துவிடுவேன் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

மூன்று வருடமாக எனக்கு ஜெபம் வருவதில்லை. பெரிய பாவம் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் அழுது மனந்திரும்பலாம், அதற்கு வழி தெரியும். இது வேறு. கேஸ் தீர்வது போலத்தான் தீர்ந்தது. சமைத்துக்கொண்டே இருக்கிறோம், சுடர் சின்னதாகிக்கொண்டே வருகிறது, ஒரு நாள் காலையில் பற்றவைத்தால் பற்றவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை. ஆண்டவரே என்று கூப்பிட்டால் காலி வீட்டில் கூப்பிட்டது போல என் குரலே எனக்குக் கேட்கிறது.

ஆனால் வாய் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அல்லவா. நாலு பேர் முன்னால் நின்று கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும். கல்யாண வீட்டுக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று. "உபதேசியார் ஜெபம் பண்ணா உள்ள போயி தொடுதுங்க" என்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முன்னால் ஆள் இருந்தால் ஓடுகிற வாய், தனியாக இருந்தால் ஓடாது. சங்கிலி ஜெபத்தில் தனியாகத்தானே உட்கார வேண்டும். மதியம் இரண்டு மணி, சாப்பிட்டால் கண் செருகும் நேரம், யாரும் எடுக்கவில்லை. "சொந்த அண்ணன், நீங்களே எடுத்துக்குங்க" என்று ரேவதி டீச்சர் என் பெயரை எழுதிவிட்டார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முகத்தை நினைக்கப் பார்த்தேன். அதுகூட வரவில்லை. மேசையில் கிறிஸ்துமஸ் மெழுகு உறைந்து கிடந்தது. சாவியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். நன்றாகச் சுரண்டினேன் மணி, மேசை பளபளவென்று ஆகிவிட்டது. மூன்று மணிக்கு ரேவதி டீச்சர் வந்தார். அடுத்த மணி அவருடையது. "எப்டிங்க இருந்துது?" என்றார். "நல்ல சமாதானம் குடுத்தாரும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உன் போன் வந்தது.

நான் ஜெபித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆண்டவர் அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மதியம் இரண்டு மணி ஆகிவிட்டால் நான் சொன்னது எனக்கே உதவுவதில்லை.

அடக்கத்தன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்த இல்ல அண்ணா, அது போதும்" என்றாய். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. உன் போனைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. இப்போது அதே இரண்டு மணிக்கு வந்து எல்லோர் முன்னாலும் நிற்கச் சொல்கிறாய். நின்றால் வாய் தானாக ஓடும். அதுதான் எனக்குப் பயம்.

செத்துப்போன மனிதன் உன் புருஷனுக்கு நினைவு ஜெபம் நடத்தக் கூடாது.

ராஜமாணிக்கம்


ஓசூர்
2 ஜூலை 2025

உபதேசியார் ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது நாள் வார்டில் ஒரு பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தேன். பதினாறு வருட நர்ஸ் சர்வீசில் இதுதான் முதல் தடவை.

நீங்கள் ஜெபிக்காததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கையெழுத்து ஏன் போட்டீர்கள்? அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஒரு வருடம் என்னை ஏமாற்றி, அதில் சாய்ந்துகொள்ள வைத்து, இப்போது இழுத்துவிட்டீர்கள். அந்தத் தாளை பீரோவில் அவருடைய வாட்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. செத்துப்போன மனிதன் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மயக்கத்தில் கிடக்கிறவரை முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். கண் திறக்கவில்லை என்றால் பேனாவை வைத்து விரல் நகத்தை அழுத்துவோம். கையை இழுத்துக்கொண்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கடிதம் முழுக்க நீங்கள் கையை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். செத்தவருக்கு நெஞ்சு படபடக்காது. செத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

17ஆம் தேதி நீங்கள் கீழ்பென்னாத்தூருக்கு வர வேண்டாம். வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். அன்று இரண்டு மணிக்குச் சபையில் அதே அறையில் போய் உட்காருங்கள். மூன்று மணி வரை அவருக்காக ஜெபம் பண்ணுங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும், அவர் பிழைத்து வீட்டுக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்கு என்ன கேட்டிருக்க வேண்டுமோ அதைக் கேளுங்கள்.

மண்ணுக்குள் போனவருக்காக ஜெபிப்பது நம் சபையில் கிடையாது என்று எனக்கு உபதேசம் எழுத வேண்டாம். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

மணிமொழி


வேங்கிக்கால்
18 ஜூலை 2025

மணி,

நீ என்னை நீங்கள் என்று எழுதியதை உன் அண்ணியிடம் காட்டினேன். "ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட பரவால்ல" என்றாள்.

உன் கடிதம் வந்த வாரமே போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அப்ப வர்ற ஞாயித்துக்கெழம யாரு பிரசங்கம் பண்றது?" என்பதுதான். சிரிப்பு வந்தது. மூன்று மாதம் என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். யாரோ எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள், பாகற்காய் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

நேற்று இரண்டு மணிக்குப் போனேன்.

கதவைச் சாத்தியதும் வாய் ஆரம்பித்துவிட்டது. அதிசயம், ஆளே இல்லாமல் ஓடியது. சர்வ வல்லமையுள்ள தேவனே, வைத்தியர்களின் கைகளை ஆசீர்வதியும் என்று ஆஸ்பத்திரி ஜெபம் முழுவதும் வந்தது. உனக்குக் காட்டுவதற்காகத்தான் ஓடுகிறது என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன். அதன் பிறகு ஒன்றுமில்லை. அன்று போலவே ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

உனக்குச் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆபரேஷன் அன்று காலை ஆறரைக்கு மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். நீ குளிக்கப் போயிருந்தாயாம். முதலில் வழக்கம் போலக் கேலி. "மச்சான், நீங்க ஜெபம் பண்ணுனா என் வேனுக்கு பிரேக்கே வேணாம்" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "மச்சான், பயமா இருக்குது. மணிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயப்படாதீங்க மாப்ள, கர்த்தர் பாத்துப்பாரு." டேப் ரெக்கார்டர் கூட இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கும். அவர், "சரிங்க மச்சான்" என்று வைத்துவிட்டார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

நேற்று அந்த அறையில் அது ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் பேரைச் சொல்லியே வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, வல்லரசுக்கு பயமா இருக்குது."

அவ்வளவுதான். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. சொன்னதும் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அடக்கத்தன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை, உனக்கு நினைவிருக்கும், தைரியசாலி என்றார்கள். பிறகு, எனக்கும் பயமா இருக்குது என்றேன். மூன்று வருடத்தில் நான் ஆண்டவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

கடிகாரத்தைப் பார்த்தபோது 2.40 ஆகியிருந்தது. இனிமேல் என்னவென்று கேட்பது? ஆனால் நீ மூன்று மணி வரை என்று எழுதியிருந்தாய். ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும், அவர் வேனை எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகட்டும், கவியாவைப் பள்ளிக்கூடத்தில் விடட்டும் என்று கேட்டேன். இல்லாத ஒன்றைக் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை, நான் ஒன்றையும் மிகைப்படுத்தி எழுத மாட்டேன். மூன்று மணி அடித்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. நாலு மணி வரை இருந்தேன்.

நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. கேட்டாய், செய்தேன். அவர் பயந்ததை உன்னிடம் மறைத்ததற்கும் சேர்த்து என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ராஜமாணிக்கம்


ஓசூர்
27 ஜூலை 2025, ஞாயிறு

அண்ணா,

கூட்டம் நடந்தது. இளைய போதகர் நன்றாகவே நடத்தினார். "பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தரையும் காணோமே" என்று காசி அத்தான் கேட்டார். "எங்க அண்ணன் ஜெபத்துல இருக்காரு" என்றேன். சொன்னபோது எனக்கு நிச்சயமில்லை. நாலு நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

அவருக்குப் பயமாக இருந்தது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தேன், பயந்ததை என்னிடம் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, சாப்பிடாமல் இருக்கச் சொன்னதால்தான் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஒரு நர்ஸ்.

உன்னை அவ்வளவு திட்டி எழுதினேன் அல்லவா? இப்போது என்னுடையதைக் கேள்.

அன்று நானும் ஜெபிக்கவில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கும் எழுதினேன், மாமியாரிடமும் சொன்னேன், கவியாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இரண்டு இரவு தூங்காமல் இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஆனதைப் பார்த்தேன். அண்ணன் உட்கார்ந்திருப்பான், இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அந்த இரும்பு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம். ஆயா வந்து தோளைத் தட்டி எழுப்பினாள். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீ தாளில் கையெழுத்துப் போட்டாய். நான் வாயால் போட்டுக்கொண்டே இருந்தேன். உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது. நீயாவது ஜெபித்திருக்கிறாய் என்று இருந்தவரை நான் தூங்கியது எனக்கு உறுத்தவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கவியாவை உட்கார வைத்து இரண்டையும் சொல்லிவிட்டேன். உன்னுடையதையும், என்னுடையதையும். அவள் அழவில்லை. அன்று அந்த நேரத்தில் டியூஷனில் கணக்கு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பிறகு, "அப்ப அந்த ஒரு மணி நேரம் அப்பாவுக்காக யாருமே ஜெபம் பண்ணலியாம்மா?" என்றாள்.

"மாமா பண்ணாரு. ஒரு வருஷம் கழிச்சு பண்ணாரு" என்றேன்.

"அது அப்பாவுக்கு கேட்டிருக்குமா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை அண்ணா. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் எழுந்து போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்று சபைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. நானும் போகவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். அவருக்காகக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. உன் பேரை மட்டும் இரண்டு முறை சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஓசூருக்கு வா. அவள் கேட்டதை உன்னிடம் கேட்பாள். பிரசங்கம் மாதிரிச் சொல்லாதே. உனக்கும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே அவளிடம் சொல். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

மணி